பத்தாவது பாட்டும் வேலாயியின் ஒப்பாரியும்

பத்துப் பாட்டில் ஒன்பது முடிந்துவிட்டன. பத்தாவதுதான் ஜெயகாந்தனைப் படுத்தி எடுத்தது.

ராகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் அவன். கிட்டாரையும் தப்பு மேளத்தையும் ஒரே மேடையில் ஏற்றித் திருவிழாவுக்குத் திருவிழா பாடிக்கொண்டிருந்தவனுக்கு முதன்முதலாக ஒரு சினிமா கிடைத்திருந்தது. படத்தின் பெயர் ‘பன்னிரண்டாம் நம்பர் மலை’. அல்பம் முழுவதும் அவனுடையது. அதன் கடைசிப் பாட்டு, படத்தின் முடிவில் வரும் சாவு ஊர்வலத்துக்கு. இரண்டு முறை கொழும்புக்கு அனுப்பினான். இரண்டு முறையும் டைரக்டர் வேண்டாம் என்றுவிட்டார்.

“எல்லாம் சுத்தமா இருக்கு தம்பி, ஆனா சாவு வீடு கேக்கல. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள வரலன்னா அந்த இடத்துக்கு வேற ஆளோட மியூசிக்கத்தான் போடணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே நிஜச் சாவு அடியோடு பாட்டைப் பதிவதென்று ஜெயகாந்தன் முடிவெடுத்தான். ஏற்பாடெல்லாம் தங்கை சுலக்ஷனாவின் பொறுப்பு. பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். எதையும் கொப்பியில் எழுதிச் சரி போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். சரி போட்ட பிறகும் எதையோ விட்டுவிட்டோமே என்று உறுத்தும். பெரும்பாலும் எதையும் விட்டிருக்க மாட்டாள். அதனால் அவளுடைய உறுத்தலை வீட்டில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

தப்பு அடிக்க வந்த கந்தப்பன் பகலில் தொழிற்சாலையில் கொழுந்து அரைப்பவர். முதலில் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“சாவு அடிய சும்மா அடிக்கக்கூடாது புள்ள. அடிச்சா ஆள் வரும்.”

“எல்லா வீட்டுக்கும் சொல்லிடுறேன் மாமா.”

“லயத்துக்குள்ள அடிக்க மாட்டேன்.”

“கிரவுண்டுல அடிங்க.”

சொன்னபடியே அவள் நாற்பத்திரண்டு வீட்டுக் கதவையும் தட்டினாள். கோயில் பூசாரியிடம் சொன்னாள், வாட்ச்சரிடம் சொன்னாள். நாலாவது பாட்டைப் பதியும்போது யாருடைய போனோ அடித்துக் காரியத்தைக் கெடுத்திருந்தது. ஆகவே இந்த முறை எல்லாருடைய போனையும் அணைத்து, ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினாள். அம்மா லெட்சுமியின் போனும் அதற்குள்தான் இருந்தது. இருமல் முற்றி நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்துவிட்டு வியாழக்கிழமைதான் வந்திருந்தாள் லெட்சுமி. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிரவுண்டு ஓரத்துக் கல்லில் வந்து உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குக் கந்தப்பன் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். பிறகு அடித்தார். அந்த அடி பள்ளத்தில் இறங்கி, எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஜெயகாந்தன் கண்ணை மூடிக் கிட்டாரை மெதுவாகச் சேர்த்தான்.

மூன்றாவது தடவை பதியும்போது சுலக்ஷனா தற்செயலாகப் பள்ளத்தின் அந்தப் பக்கம் பார்த்தாள். மேல் டிவிசனிலிருந்து குறுக்குப் பாதையில் ஆட்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இரண்டு ஆண்கள், தோளில் மண்வெட்டி. பின்னால் விறகுக் கட்டோடு பெண்கள். ஒருவர் கையில் வெள்ளைக் கொடி.

அவள் கொப்பியைப் புரட்டினாள். மேல் டிவிசன் என்று ஒரு வரிகூட இல்லை.

எப்படி இருக்கும்? நாலு வருடமாக அவர்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. மலை ஊற்று விழும் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது குடம் உருண்டதில் வந்த சண்டை. அம்மாவும் வேலாயியும் ஒரே நிரையில் இருபது வருடம் சேர்ந்து கொழுந்து கிள்ளியவர்கள். அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த மாதமே வேலாயி மகனோடு மேல் டிவிசனுக்குக் குடிபோனாள்.

அந்த வேலாயிதான் இப்போது கூட்டத்தை முந்திக்கொண்டு, தலையை அவிழ்த்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு கிரவுண்டுக்குள் வந்தாள்.

“பீலித் தண்ணிக்குச் சண்ட போட்டுப்
பேசாமப் போனவளே – என் லெச்சுமி
மொதக் கொடம் ஒனக்குத் தாரேன்
முழிச்சுக் கொஞ்சம் பாரடியோ!

நெர நெரயா கொழுந்திருக்கு
நீயில்லாம யார் கிள்ளுவா – என் லெச்சுமி
கூடய நான் எறக்கி வச்சா
கூடப் பேச யாரிருக்கா!”

ஒப்பாரி காதில் விழுந்ததும் கந்தப்பனின் கை தானாக அடியைத் தணித்தது. ஜெயகாந்தன் கண்ணைத் திறக்கவே இல்லை. சுலக்ஷனா கத்தியிருக்க வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பதிவுக் கருவியின் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. பயத்தில் வாயடைத்துப்போனாளா, பதிவு கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தாளா என்பது இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை.

லெட்சுமி கல்லிலிருந்து எழுந்தாள்.

“ஏண்டி வேலாயி, நான் இங்கதானே இருக்கேன்.”

தப்பு நின்றது. வேலாயி தூக்கிய கையை இறக்காமல் பார்த்தாள்.

“நீ சாகலியா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப யாரு செத்தது?”

“சினிமாவுலங்க” என்றார் கந்தப்பன்.

மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் மண்வெட்டியைத் தரையில் போட்டார். “சாப்பாட்டுல பாதியில எழும்பி வந்தேன்யா!”

“ஆஸ்பத்திரியில கெடந்தான்னு சொன்னாங்க. போன் போட்டா இவளுதும் அணைஞ்சிருக்கு, மகனுதும் அணைஞ்சிருக்கு. கூடவே சாவு அடி. மனுசி என்னான்னு நெனைக்கிறது?” வேலாயி கொண்டையை முடிந்துகொண்டே கத்தினாள்.

“நீ எனக்குப் போன் போட்டியா?”

“நான் எதுக்குப் போடுறேன்? பக்கத்து வீட்டுப் புள்ள போட்டுச்சு.”

சுலக்ஷனா முன்னால் வந்தாள். “அத்தை, எம்மேலதான் பிழை. மேல வந்து சொல்லல. போன அணைக்கச் சொன்னதும் நான்தான்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாட்டில் குரல் வரும் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது அவள் வழக்கம். சம்மதத் தாளையும் நீட்டிவிட்டாள். “நீங்க பாடுனது பதிவாயிருச்சு.”

“பதிவாயிருச்சா? அழி! உசுரோட இருக்கிறவளுக்கு ஒப்பாரி வச்சதே பாவம். அத ஊர் ஊராப் போடவா?”

ஜெயகாந்தனுக்கு முகம் வெளுத்துவிட்டது. டைரக்டர் கேட்டது அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, மணி நாலரை. கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“அத்தை வேணாம்னா வேணாம். அழிச்சிரு புள்ள.”

சுலக்ஷனா பொத்தானில் விரலை வைத்தாள்.

“இருடி” என்றாள் லெட்சுமி. “எனக்குப் பாடுனத நான் ஒருக்காக் கேக்குறேன். போடு.”

போட்டாள். கிரவுண்டு முழுக்க வேலாயியின் குரல். லெட்சுமி தலையைக் குனிந்து கேட்டாள். முடிந்ததும் ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்தாள்.

“ஆஸ்பத்திரிக் கட்டில்ல அதத்தான் யோசிச்சேன். நான் போனா ஒப்பாரிக்கு யாரு இருக்கா, வேலாயியும் வர மாட்டாளேன்னு.”

“வராம?” வேலாயி வேறு பக்கம் பார்த்தாள். “வந்து நிக்கிறேனே.”

“பொய்ச் சாவு சொன்னா ஆயுசு கூடுமாம். ஊரெல்லாம் கேட்டா எனக்கு நூறு வயசு. கையெழுத்துப் போடுடி.”

வேலாயி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப ஒண்ணு எழுதணும். அந்தக் கொடத்த நான் தள்ளல.”

“தள்ளுனா” என்றாள் லெட்சுமி மகளிடம். “பரவால்ல, எழுது.”

‘குடத்தை நான் தள்ளவில்லை’ என்று சுலக்ஷனா அழகாக எழுதி, கீழே கோடும் போட்டாள். வேலாயி கையெழுத்திட்டாள். சாட்சி என்று லெட்சுமியும் போட்டாள்.

பாட்டை அனுப்பத் தகரத்தைத் திறந்து போன்களை முடுக்கினார்கள். அம்மாவின் போன்தான் முதலில் அதிர்ந்தது. அணைந்திருந்தபோது வந்த அழைப்புகள் ஒன்பது என்று கம்பெனிச் செய்தி. ஒன்பதும் ஒரே பெயர்.

லெட்சுமி அதை வேலாயியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். “பக்கத்து வீட்டுப் புள்ளயா?”

“ஒனக்கு ஏன் இன்னும் என் நம்பர் பேரோட கெடக்கு?” என்று வேலாயி திருப்பிக் கேட்டாள். லெட்சுமி போனை ஸ்வெட்டருக்குள் செருகினாள். வேலாயி மடியிலிருந்து ஒரு சீனிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “சாவு வீட்டுக்குன்னு கொண்டாந்தது. திரும்பத் தூக்கிட்டுப் போக முடியாது. தேத்தண்ணி ஊத்து.”

ஐந்து ஐம்பதுக்குப் பாட்டு போனது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘இதுதான். இதுதான் தம்பி. மன்னிக்கணும், வீட்டுல யாரு செத்தது?’

அண்ணன் போனைத் தங்கையிடம் கொடுத்தான். அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். லயத்து வாசலில் அம்மா ஊற்ற, வேலாயி மண்வெட்டிக்காரர்களுக்குக் கோப்பை நீட்டிக்கொண்டிருந்தாள்.

‘யாரும் சாகல சேர். தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்காங்க.’