நனைந்த இருக்கை

ஓட்டுநர் பள்ளியில் எல்லோரும் அவரை பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் கொஞ்சம் தடுமாறினாலும் அதை மிதித்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

சில மாதங்களாக அவருக்கு ஒன்றுக்குப் போவதே பெரும்பாடாகியிருந்தது. பாதியில் நின்றுவிடும். முன்னால் குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்தால் மறுபடி கொஞ்சம் வரும். வெளியே வந்து கதவைச் சாத்துவதற்குள் திரும்ப முட்டும். சில நாள் சிவப்பாகவும் போனது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனிதர், தன் கால்சட்டைகளைத் தானே அலசிக் காயப்போட ஆரம்பித்தார்.

"எவளோட சென்ட்டு வாசனை ஒட்டியிருக்குன்னு இவ்வளவு அவசரமா அலசுறீங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

அவர் கொடியில் கிளிப் மாட்டினார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், இதைவிட அது எவ்வளவோ மேல் என்றிருந்தது.

அந்த வாரம், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு துணிக்கடைக்கார அம்மாவுக்குப் பாடம் எடுத்தபோது வண்டி மேம்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளி வாசலில் இறங்கும்போது அவர் இருக்கை நனைந்திருந்தது. கால்சட்டையைக் கையிலிருந்த ஃபைலால் மறைத்துக்கொண்டார். சாவி வாங்க வந்த முதலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது ஈரம்?"

"தண்ணி கொட்டிடுச்சு சார். இந்தம்மா பாட்டில நடுவுல வச்சுக்கிட்டு பிரேக்க ஓங்கி மிதிச்சாங்க..."

முதலாளி அந்த அம்மாவைப் பார்த்தார். வண்டியில் பாட்டிலே கிடையாது.

"ஆமா சார், என் பாட்டில்தான்," என்றாள் அவள். "மூடிய சரியா மூடல. நானே தொடச்சிடுறேன்."

அவர் தடுப்பதற்குள், கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து இருக்கையைத் துடைத்தாள். அவர் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. பாடம் தொடங்கும்போதுதான் அவளை "மாடு மேய்க்கப் போங்க" என்று திட்டியிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கட்டினவகிட்ட சொல்றதுக்கு என்னங்க வெட்கம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள், மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சிறுநீர்ப்பையில கோழிமுட்டை அளவுக்கு ஒரு கல்லு இருக்கு," என்றார் ஸ்கேனைப் பார்த்த டாக்டர். "ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி, ஒன்னுக்கு வர்ற வழிய அடைக்குது. முழுசா போகாம தேங்கித் தேங்கியே கல்லாயிடுச்சு."

"வயித்தக் கிழிக்கணுமா?"

"தேவையில்ல. அடிவயித்துல சுண்டுவிரல் நுழையுற மாதிரி ஒரு ஓட்டை போதும். அது வழியா குழாய விட்டு, கல்ல உள்ளயே ஒடச்சு எடுத்துடலாம். அதோட ப்ராஸ்டேட்டையும் சரி பண்ணிடலாம். எத்தன நாளா இப்படி இருக்கு?"

"வெட்கப்பட்டு வெட்கப்பட்டே வளர்த்திருக்காரு டாக்டர்," என்றாள் மனைவி.

ஆபரேஷன் மேசையில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், கால்களை அகட்டித் தூக்கிவைத்துக் கிடந்தார். திரையில் அந்த மஞ்சள் கல் விரிசல் விட்டுத் துண்டுதுண்டாக உடைவது தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் புதுச் செருப்பு கடிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் உயிரைக் கொடுத்து மறைத்தது இவர்களுக்கு அன்றாட வேலை என்பது ஆறுதலாக இருந்தது. ஆனாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

குழாயெல்லாம் எடுத்து, உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்று முதல் பாடமே துணிக்கடைக்கார அம்மாவுக்குத்தான்.

"அன்னிக்கு உங்க மேல பழிய போட்டுட்டேன்மா," என்றார். "முதலாளிகிட்ட இப்பதான் உண்மைய சொல்லிட்டு வரேன்."

"அவர்கிட்ட எதுக்கு மாஸ்டர் சொன்னீங்க?" அவள் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டாள். "எங்கப்பாவுக்கும் இந்தத் தொந்தரவு இருந்துச்சு. எங்க யார்கிட்டயும் வாயத் திறக்கல. முத்தின பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது."

அவருக்குக் காது மடல் சுட்டது. வண்டி கிளம்பிப் பெரிய ரோட்டுக்கு வரும்வரை அவரால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.