ஒரு திருகு கூடுதல்

தம்பியின் கை சும்மா இருக்காது. அந்த வீட்டு ராசியே அப்படித்தான். தண்ணீர்க் குழாயோ மாத்திரை டப்பாவோ, மூடிய பிறகும் இன்னும் ஒரு திருகு திருகினால்தான் அங்கே யாருக்கும் தூக்கம் வரும்.

இன்று அக்காவுக்கு முதல் கார் பந்தயம். அவளுடைய பழைய காருக்குப் புதுப் புகைக்குழாய்களை மாட்டியவன் தம்பிதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உறுமிய உறுமலில் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் உறுமலுக்கு நடுவே டிக் டிக்கென்று ஒரு பாழாய்ப்போன சத்தம். எஞ்சினும் குழாயும் சேரும் இடத்தில் புகை கசிந்தது. கசிகிற வண்டியைப் பந்தயத் திடலின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடுறேன்க்கா."

"டைட் பண்ணித்தான்டா கெடுத்த. ஒரு ஓரத்துல உன் பலத்தையெல்லாம் காட்டினா மறு ஓரம் தூக்காம என்ன செய்யும்? ஆறட்டும், எல்லாத்தையும் கழட்டு."

கழற்றினான். அவள் சொன்னது வாஸ்தவம். கசிவை அடைக்க நடுவில் வைத்திருந்த கேஸ்கெட் தகடு ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கியிருந்தது, மறுபக்கம் கரி படிந்திருந்தது. உலோகத்தைச் சுரண்டித் துடைத்து, கைவசமிருந்த இன்னொரு கேஸ்கெட்டை வைத்தார்கள். முதலில் எல்லா போல்ட்டையும் விரலால் பிடிக்கவிட்டு, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். ஒவ்வொன்றிலும் இன்னும் ஒரு திருகுக்குக் கை அரித்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா "போதும்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டான்.

சோதித்துப் பார்க்க நேரமில்லை. திடலின் வாசலை அடைந்தால் சுற்றிலும் இருந்த வண்டிகளின் இரைச்சலில் டிக் டிக் இருக்கிறதா இல்லையா என்று ஒரு எழவும் கேட்கவில்லை.

வாசலில் நின்ற பரிசோதகர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, மடித்த துணியால் புகைக்குழாயின் பின்வாயை அழுத்தி அடைத்தார். வண்டி இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது.

"போச்சுக்கா. எல்லாம் என்னாலதான்."

ஸ்டியரிங்கைப் பிடித்த அக்காவின் விரல்கள் வெளுத்திருந்தன.

"யாருப்பா மாட்டினது?" என்றார் பரிசோதகர்.

தம்பி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான்.

"எங்கயாவது ஓட்டை இருந்தா அது வழியா புகையை விட்டுட்டு ஓடிட்டே இருக்கும். இதுக்கு வேற வழியே இல்ல, அதான் மூச்சு முட்டி நின்னுடுச்சு. நல்லா மாட்டியிருக்க. உள்ள போகச் சொல்லு."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தபடி சாவியைத் திருப்பினாள். இந்த முறை உறுமல் மட்டும்தான், சுத்தமான உறுமல். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சந்தோஷத்தில் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய் ஸ்பேனரைப் பிடித்தது, கால் பானெட்டை நோக்கி நடந்தது.

பாதியில் நின்றான். திரும்பி வந்து ஸ்பேனரைப் பரிசோதகரின் கையில் திணித்தான்.

"சார், இதை நீங்களே வச்சிருங்க. அக்கா ஓட்டி முடிச்சுட்டு வர்ற வரைக்கும், நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதீங்க."