உயர்வு விகிதம்: இரண்டு தாள்கள்

அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. காப்புரிமை மருந்துகளின் விலையைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்தின் நான்காம் மாடியில், பணவீக்கத்தை ஒட்டி அடுத்த ஆண்டு விலையை 1.9 சதவீதம் வரை உயர்த்தலாம் என்று கணக்கிடப்பட்டது.

கணக்கிட்டவர் பிரிவுத் தலைவர். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் கணினியில் போட்டதை, இன்னொருவர் மூலப் புள்ளிவிவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு தாளில் பென்சிலால் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போய், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அறிவிப்பு. பதினோரு வருடமாக அந்த வேலையைச் செய்பவளுக்கு அலுவலகத்தில் 'பென்சில்' என்றே பெயர்.

பென்சிலுக்கு 2.6 வந்தது. மூன்று தடவை போட்டாள், அதேதான். தலைவர் வழக்கம்போலப் போன வருடக் கோப்பை நகலெடுத்து எண்களை மாற்றியிருந்தார். பணவீக்க மதிப்பீட்டில் மட்டும் செப்டம்பரில் திருத்தியதை விட்டுவிட்டு ஜூலையில் வந்ததையே போட்டிருந்தார்.

அவள் அக்காவுக்கு நரம்புத் தளர்ச்சி. அதற்கான மாத்திரையும் காப்புரிமை மருந்துதான், அட்டை ஒன்றின் விலை 980. காப்பீடு ஆயிரம் வரை விலையுள்ள அட்டைக்குத்தான் பணம் தரும், தாண்டினால் ஒரு காசும் தராது. மருந்துக் கம்பெனி எந்த வருடமும் அலுவலகம் அனுமதித்த அளவில் ஒரு புள்ளிகூடக் குறைத்து விலையேற்றியதில்லை. 1.9 என்றால் 998.62. 2.6 என்றால் 1005.48.

அன்று மாலை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் விலை போடறவ, அக்கா வயித்துலயா அடிக்கணும்?" என்று சிரித்தாள் அக்கா. கை நடுங்கியதால் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். "அந்த 1.9லயே கையெழுத்தப் போட்டுட்டு வா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அடுத்த வருஷம் கம்பெனிக்காரன் கண்டுபிடிப்பான். ரெண்டு வருஷத்துக்கும் சேத்து ஏத்துவான்."

"அடுத்த வருஷத்த அப்பப் பாத்துக்கலாம்டி."

பென்சில் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அக்காவே கேட்டாள். "உன் கணக்கு சரிதானா?"

"சரிதான்."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற? 1.9 வேணாம்னு நான் சொல்லணும்னா?"

மறுநாள் காலை தலைவர் அவள் தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். தன் எண் குறைவாகத்தானே இருக்கிறது, நோயாளிகளுக்கு நல்லதுதானே, கம்பெனி அழுதால் பிறகு திருத்திக்கொள்ளலாமே என்று சுற்றிவளைத்தார். அவள் இரண்டு தாள்களையும் குண்டூசியால் சேர்த்துக் குத்தி, பென்சில் கணக்கை மேலே வைத்தாள்.

"எது சரியோ அதுல கையெழுத்துப் போடுங்க சார். நான் என்னோடதுல போட்டுட்டேன்."

தலைவர் மதியம் வரை அதைத் தொடவில்லை. பிறகு 1.9 இருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கணினியில் திரும்பக் கணக்கிட்டார்.

மாதக் கடைசியில் 2.6 சதவீதம் என்று அறிவிப்பு வெளியானது. ஜனவரியில் அட்டையின் விலை 1005.48 ஆனது. அக்காவின் விண்ணப்பத்தைக் காப்பீடு திருப்பி அனுப்பியது. அந்த மாதத்திலிருந்து மாத்திரையைப் பென்சில் தன் சம்பளத்தில் வாங்கி வருகிறாள்.