இடப்பக்கத்துப் பனி

கனடாப் பனியில் முப்பது வருடம் கார் ஓட்டியும் ஒரு கீறல் விழாதவர் விநாயகமூர்த்தி. இதை ஊர் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லுவார். கேட்கிற ஆள் எழும்பி ஜக்கெற்றைத் தேடும் மட்டும் சொல்லுவார். அவர் மனைவி இராஜேஸ்வரிக்கு அந்தக் கதைகள் எல்லாம் மனப்பாடம். ஒஷாவாத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகையில் அடித்த பனிப்புயலில் பாரவண்டி ஒன்று குறுக்கே சறுக்கிய கதையில் அவர் மூச்சு வாங்கும் இடம்கூட அவளுக்குத் தெரியும்.

போன வைகாசியில் அவருக்கு ஸ்ரோக் வந்தது. கையும் காலும் தப்பின. வாயும் தப்பியது, கொஞ்சம் கூடவே தப்பிவிட்டது என்று இராஜேஸ்வரி சொல்லிச் சிரிப்பாள். போனது இடப்பக்கம்தான். கண்ணில் குறையில்லை, மூளைதான் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டது என்று டொக்டர் விளக்கினார். தட்டைக் கோப்பையில் சோறு போட்டுக் கொடுத்தால் வலப்பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு என்ன கொஞ்சமாகப் போட்டீர் என்று கேட்பார். அவள் கோப்பையை அரைவட்டம் திருப்பி வைப்பாள். மிச்சத்தையும் சாப்பிடுவார்.

லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள். இவ்வளவு காலமும் அடையாள அட்டையாக மட்டும் பாவித்த தன் லைசென்ஸை இராஜேஸ்வரி கைப்பையிலிருந்து வெளியே எடுத்தாள். கார் பழக்கும் சண்முகலிங்கம் மாஸ்ரரிடம் மறுபடி ஓட்டப் பழகினாள். வேறு வழியில்லை. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறை விட்பியில் இருந்தது, அவர்கள் வீடு வாங்கியது தூரத்து ஸ்ரௌவ்வில்லில். கார் இல்லாவிட்டால் பால் வாங்கவும் வழியில்லாத புதுக் குடியிருப்பு அது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அவள்தான் ஓட்டிக் கூட்டிவந்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தக் காரில் ஏறவேயில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் கால் உளைகிறது என்பார். சிநேகிதர் நவரட்ணத்தாரின் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை. டொக்டரிடம் போவதற்குக்கூட டாக்ஸி பிடித்து அதன் பின்சீற்றில் இருந்து போய்வந்தார். பெண்சாதி ஓட்டப் பக்கத்தில் இருந்தால் இவருக்குக் கிரீடம் இறங்கிவிடும் என்று இராஜேஸ்வரி முடிவு கட்டினாள். அவளுக்கு அது உள்ளுக்குள் நொந்தது. ஆனாலும் கேட்கவில்லை.

காரில் ஏறாதவர் வகுப்பு மட்டும் விடாமல் எடுத்தார். இலையுதிர் காலம் முழுக்கச் சோபாவில் இருந்தபடியே பாடம் நடந்தது. ஐஸில் பிறேக்கை மிதிக்காதையும், தடவும். முன்னால் போகிறவனுக்குத் தூரம் விடும். சறுக்கினால் பயப்படுகிற பக்கம் பார்க்காதையும், போக வேண்டிய பக்கம் பாரும், கை தானாக அங்கே வரும். அவள் ஓம் ஓம் என்று வெங்காயம் நறுக்குவாள். பனிக்கால ரயர் மாட்டுவதற்குக் கடைக்காரனோடு போனில் சண்டை பிடித்ததும் அவர்தான்.

முதல் பெரும் பனி கொட்டி ஓய்ந்த காலையில் அவள் எழும்பிப் பார்க்கையில் கட்டிலில் ஆள் இல்லை. சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். வீட்டு முன் டிரைவ்வேயில் நின்று நீளப் பிறஷ்ஷால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேவாரம் வேறு படித்தார். உள்ளே வந்தபோது மீசையில் பனி, முகத்தில் வெளிச்சம்.

“கார் றெடி. ஒரு பொட்டு ஸ்னோ இல்லை,” என்றார்.

வைகாசிக்குப் பிறகு அந்த முகத்தை அவள் இன்றுதான் பார்த்தாள். தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தவள் காரடியில் அப்படியே நின்றுவிட்டாள். வலப்பாதி கழுவி விட்டதுபோல் பளிச்சென்றிருந்தது. இடப்பாதியில் யாருமே கை வைக்கவில்லை. கூரையின் மேல் முழங்கை உயரத்துக்குப் பனி. பாதித் தலை சிரைத்துவிட்டு நாவிதன் எழும்பிப் போனது போலிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். அவர் முன்ஜன்னல் திரையை விலக்கி, வழியனுப்ப நின்றார். இப்போது அவள் பிறஷ்ஷை எடுத்தால் அவருக்கு விளங்கிவிடும். விளங்கினால் இதையும் கீழே வைத்துவிடுவார். பில்லுகளுக்குச் செக் அனுப்புவது, பூக்கன்று நடுவது, தொலைபேசியில் ஊர்க்கதை கேட்பது என்று ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டு வந்த மனுசன், தானாக எழும்பிக் கையில் தூக்கிய முதல் வேலை இது. அதைப் பறிக்க அவளுக்குக் கை வரவில்லை.

அவருக்கு முதுகால் மறைத்தபடி முன்கண்ணாடியையும் விளக்குகளையும் கையுறையால் மளமளவென்று துடைத்தாள். கூரையைத் தெருமுனையில் நிறுத்தித் தட்டலாம், அங்கே அவர் கண் எட்டாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினாள். அது பிழை என்று தெரிந்துதான் செய்தாள். பின்னுக்கெடுத்துத் தெருவில் திருப்பினாள். ஜன்னலில் அவர் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றதைக் கண்டாள். வழியனுப்புகிறார் என்று நினைத்துத் தானும் கை காட்டினாள்.

தெரு முனையை நோக்கிச் சரிந்து இறங்கும். கீழே நிறுத்தக் கோடு, அதற்கப்பால் லொறிகள் ஓடும் பெரிய றோட்டு. அவர் சொல்லித் தந்தபடியே அவள் பிறேக்கைத் தடவினாள். கார் அடங்கியது. கூரைப் பனி அடங்கவில்லை. பொத்தென்று முழுவதுமாக முன்னால் சரிந்து கண்ணாடியை மூடியது. காருக்குள் இருண்டுவிட்டது.

அவள் பதறிப் பிறேக்கை மிதித்தாள். சில்லுகள் பிடி விட்டன, கார் கண் மூடியபடி கீழே போகத் தொடங்கியது. முன்னால் லொறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிள்ளையாரே என்று வாய் சொல்ல, கால் தானாகத் தளர்ந்தது. வழித்துக் குவித்த பனி வலப்பக்க ஓரத்தில் இருக்கிறது என்ற ஞாபகம் மட்டுமே கையில் இருந்தது. அந்தப் பக்கமாக ஸ்ரியறிங்கை மெள்ள ஒடித்தாள். கார் மூக்கைப் பனிக்குவியலில் புதைத்து, ஒரு பெருமூச்சோடு நின்றது.

அவள் இறங்கிக் காரைச் சுற்றிப் பார்த்தாள். காருக்கு ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை. மேலே தெருவில் ஓர் ஆள் விழுந்து எழும்பி ஓடி வருவது தெரிந்தது. கையில் பிறஷ். வலக்காலில் சப்பாத்து, இடக்காலில் வீட்டுச் செருப்பு. ஜக்கெற்றின் இடக்கை காற்றில் வெறுமையாக ஆடியது.

“அடி பட்டதோ?”

இல்லை என்று தலையாட்டினாள். அவர் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மூச்சு இறங்க நேரம் எடுத்தது.

“நீர் தெருவிலை திருப்பேக்கைதான் கூரை எனக்குத் தெரிஞ்சது. போற ஆளைப் பின்னாலை கூப்பிடக்கூடாதெண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டிட்டன். கூப்பிட்டிருக்கலாம்.”

“நான் முதலே கண்டனான்,” என்றாள் அவள். “வாசலிலையே கண்டனான். உங்கட முகத்தைப் பார்த்தாப் பிறகு சொல்ல மனம் வரேல்லை.”

அவர் பிறஷ்ஷைப் பார்த்தார். அவள் பயந்தபடியே முகம் சுருங்கிப் போனது. ஆனால் பிறஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

“உம்மை இந்த ஐஸிலை குடுத்திட்டு நான் முகத்தை வைச்சு என்ன செய்யிறது? இனிமேல் சொல்லும். நோகும். நோகட்டும்.”

அவள் அவரின் இடக்கையைத் தேடி எடுத்து ஜக்கெற்றுக்குள் நுழைத்தாள். பிறகு இருவரும் சேர்ந்து துடைத்தார்கள். இன்னும் இடப்பக்கம் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடித் துடைத்தார். ஒரு தடவை எரிச்சலில் உறுமினார். அவள் விடவில்லை, இன்னும் இடப்பக்கம் என்றாள். வேலைக்குப் பிந்தி வருவதாகச் சமையலறைக்குப் போன் செய்தாள்.

“ஏறுங்கோ, வீட்டை விட்டிட்டுப் போறன். செருப்போடை நடக்கேலாது.”

அவர் கதவைப் பிடித்தபடி தயங்கி நின்றார். இத்தனை மாதம் அடக்கியதை அவள் கொட்டிவிட்டாள்.

“என்ரை பக்கத்திலை இருக்க உங்களுக்கு வெக்கம். எனக்குத் தெரியாதே?”

“வெக்கமோ?” அவர் உண்மையாகவே திகைத்தார். “இந்த நாட்டுக் காரிலை அந்தச் சீற்றிலை இருந்தா, ஓட்டுற நீர் எனக்கு இடப்பக்கம். ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கு, கார் ஓடுது, பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. வீடு வருமட்டும் நீர் இல்லை, ராசேஸ். அப்பிடி இன்னொருக்கா இருக்க எனக்குப் பயம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரை ஏற்றி, பெல்ற்றைப் பூட்டி, சுற்றிவந்து தன் இடத்தில் அமர்ந்தாள். கையைப் பிடிக்க ஆசைதான். ஐஸில் இரண்டு கையும் ஸ்ரியறிங்கில் இருக்க வேண்டும். அதனால் கதைத்தாள். பின்னுக்கெடுக்கிறன் என்றாள். திருப்புறன், ஏத்தம், மெள்ளத்தான் போறன் என்றாள். ஓடுவதைச் சொல்லி முடித்தபின் சமையலறைக் கதை சொன்னாள், மீன் குழம்பு கேட்டு அடம்பிடிக்கும் இல்லத்துக் கிழவர் அமிர்தநாதரின் கதை சொன்னாள், வைகாசியிலிருந்து தனியே பயந்ததையும் சொன்னாள். அவர் நேரே பார்த்தபடி காது கொடுத்து, ஓம், ஓம் என்று கேட்டார்.

“வீடு,” என்றார் வலப்பக்கம் காட்டி. “வந்திட்டுது.”

“கண்டனான்,” என்றாள் இராஜேஸ்வரி. பிறேக்கில் கால் வைக்காமல், வாசலைக் கடந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதைக்கத் தொடங்கினாள்.