லாரியில் யாருக்கு எவ்வளவு இடம்

என் ஓரகத்தி கன்னிகாவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்? ஆந்திராவில், திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில் எங்கள் பாத்திரக் கடையில் பித்தளைப் பக்கம் என் பொறுப்பு, பிளாஸ்டிக் பக்கம் அவளுடையது. வருகிறவர்களிடம் தமிழில் பேச்சைத் தொடங்கித் தெலுங்கில் முடிப்பாள். அதற்குள் அவர்கள் கையில் பக்கெட் இருக்கும்.

திருப்பதியில் புதுக்கடை திறப்பதாகவும், யார் பக்கம் லாபம் அதிகமோ அவள் குடும்பம் அங்கே போகலாம் என்றும் மாமனார் வேங்கடாசலம் சொன்னதிலிருந்து என் தூக்கம் போயிற்று. திருப்பதி எனக்கு வேண்டும். அதைவிட, அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

சென்னையிலிருந்து இருவர் சரக்கும் ஒரே லாரியில் வரும். வாடகையையும் இறக்குகூலியையும் சரக்கின் விலைப்படி பிரித்து, அந்தந்தச் சாமானின் அடக்கவிலையில் சேர்ப்பார் மாமா. பித்தளை விலை கூட. அதனால் பெரும்பங்கு என் குத்துவிளக்குகள் தலையில் விழுந்தது.

"இன்னா மாமா நியாயம் இது? என் சாமான் ஒரு மூலைல குந்திக்கினு வருது. மீதி எடமெல்லாம் அவ பக்கெட்டு. எடத்த வச்சி பிரிங்க."

மாமா கன்னிகாவைப் பார்த்தார். "அக்கா சொல்றது சரிதானே மாமா," என்றாள். சண்டைக்கு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த லோடிலிருந்து நானே லாரிக்குள் ஏறி டேப் வைத்து அளந்தேன். பக்கெட்டின் அடக்கவிலை ஏறியது, என் பக்க லாபம் முந்தியது. பிள்ளைகளுக்குத் திருப்பதியில் ஸ்கூல்கூட விசாரித்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து மாமா கூப்பிட்டார். "லாபம் உன்னுதுதான் அம்சவேணி, இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு கடை லோடும் இங்கதான் எறங்கும். இம்மாம் கறாரா வாடகைய பிரிக்க உன்ன உட்டா ஆள் இல்ல. நீ இங்கயே இரு. வெல ஏறியும் கன்னிகாகிட்ட வர்ற ஜனம் கொறயல. அவ போகட்டும்."

வாக்குக் கொடுத்தீர்களே என்று கேட்க வாய் வரை வந்தது. பக்கத்தில் அவள் நின்றிருந்தாள்.

திருப்பதிக்குப் புறப்பட்ட வண்டியில் அவள் கட்டிலும் பீரோவும் பாதியை அடைத்தன. மீதியில் பக்கெட்டுகளும் என் விளக்குகளும். இனி அவற்றையும் அவள்தான் விற்பாள்.

"இந்த வண்டி வாடகைய எப்டி பிரிக்கறதுக்கா?" என்று கேட்டாள். குரலில் துளி கேலி இல்லை.

"எடத்த வச்சித்தான்," என்றேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் உரிய வாடகையையும் சேர்த்து அவள் பக்கெட்டுகள் மேல் ஏற்றி, சீட்டை நீட்டினேன்.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்கா," என்று அதைப் பார்க்காமலே மடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.