நான்காவது ஆளுக்குச் சிவப்பு

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. அதை மறைக்க மாட்டேன். முதல் வரியை மூன்று தடவை எழுதி அடித்தேன். ‘ஒரு பெரிய கிடங்கில் நாற்பது சுமைதூக்கிகள்…’ (கிடங்கின் அளவை யார் கேட்டார்கள்?) ‘நான்’ என்று தொடங்கினால் திட்டுதான் வருகிறது. ஆகவே ‘அவன்’. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு இந்தச் சலுகையைக் கொடுங்கள்.

2

மாலையில் வேலை முடிந்ததும் டோக்கன் வரிசைப்படி வாசலில் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் வீட்டுக்கு. சிவப்பு எரிந்தால் பக்கத்து அறையில் சட்டையைக் கழற்றி, சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் ஆளுக்கு ஓர் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்குமாம்; அது சின்ன எண்ணாக இருந்தால் சிவப்பாம். அவன் டோக்கன் நான்கு. பொத்தான் வைத்த நாளிலிருந்து அறுபத்தொரு நாளும் அவனுக்கே சிவப்பு.

“மெஷினுக்கு உன்மேல பகையா என்ன? உங்கிட்ட ஏதோ இருக்குப்பா” என்பார் காவலாளி.

சோதனை முடிந்ததும் பதிவேட்டில் கைநாட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த பிறகுதான், பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தான்: ‘சந்தேகம்’. அறுபத்தொரு இடத்தில். அடுத்த மாதம் யாரை வேலையில் வைப்பது என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

(இங்கே ஒரு பக்கம் திட்டியிருந்தேன். மனைவி படித்துவிட்டு, “இதுக்கா எழுத்துப் படிச்சீங்க?” என்றாள். கிழித்துவிட்டேன்.)

3

மறுநாள் ஐந்தாம் டோக்கன்காரனை முன்னால் விட்டான். நான்காவதாக அழுத்திய அந்த ஆளுக்குச் சிவப்பு!

“அடப்பாவி, உன் சிவப்ப என் தலையில கட்டிட்டியேடா!”

இருவரும் போட்ட சத்தத்தில் மேலாளர் புரோகிராம் எழுதிய பெண்ணை வரவழைத்தார்.

“எண்ணெல்லாம் கணக்குப் போட்டுத்தாண்ணே வருது. தொடங்க ஒரு எண் குடுக்கணும். கடிகாரத்துலருந்து எடுத்தா தினமும் மாறும். சோதிச்சுப் பாக்க ‘ஒன்னு’ன்னு போட்டேன்… மாத்த மறந்துட்டேன்.”

தினமும் இயந்திரத்தைப் போட்டதும் அதே ஒன்று, அதே வரிசை; நான்காவதாக அழுத்துகிறவருக்குச் சிவப்பு.

“மறந்தது நீங்க. சட்டையக் கழட்டுனது நானாம்மா? அந்த ‘சந்தேகத்த’ எல்லாம் அடிக்கச் சொல்லுங்க.”

அவள் தலைகுனிந்தாள். மேலாளர் குனியவில்லை. “அதான் சரி பண்ணியாச்சேப்பா. பழைய பதிவேட்ட ஏன் கிளறுறே?”

4

முடிவு ஒன்று: மேலாளர் எல்லா வரிகளையும் அடிக்கிறார். எழுதிப் பார்த்தேன், அந்த ஆளின் கை அசையவே மாட்டேன் என்கிறது.

முடிவு இரண்டு: அவனே அடிக்கிறான். அடித்தால், ‘பதிவேட்டைத் திருத்தினான்’ என்று இன்னொரு வரி ஏறும்.

மூன்றாவதாக, அவன் நேராகப் போய்… வேண்டாம். எழுதியவர்களே வந்து அடிக்கட்டும். அதுவரை நான் முடிக்க மாட்டேன். நீங்கள் எங்காவது ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவரானால், பேனா உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது.