ஜன்னலோரத்துப் பதினோரு தொட்டிகள்

தீயணைப்பு நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த மூன்றாம் வாரமே கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது. நாலாவது மாடி, இரண்டு அறை. குழாய் ஒழுகவில்லை, கதவு கிறீச்சிடவில்லை. சரிசெய்ய மகன் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. அதனால் மருமகள் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பும்போது, "மாமா, செடிங்களக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொன்னதும் மனிதருக்கு உயிர் வந்தது.

ஜன்னலோரத்தில் பதினோரு சக்குலன்ட், அதாவது சதைப்பற்றுச் செடிகள். எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் தொட்டிகள். ஒன்று ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக, ஒன்று மணிமணியாகக் கீழே தொங்கிக்கொண்டு, இன்னொன்று குழந்தையின் விரல்கள் மாதிரி தடித்த இலைகளோடு. மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். நாளெல்லாம் மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றியதும் முதலில் இவற்றின் முன்னால்தான் நிற்பாள்.

மாமனார் ஒவ்வொரு தொட்டிக்கும் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று ஊற்றினார். ஐந்தாம் நாள் அந்த ரோஜாப்பூ மாதிரியான செடியின் அடி இலைகள் மங்கலாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆயின. வாடுகிறது போலிருக்கிறதே என்று மத்தியானமும் ஒரு டம்ளர் சேர்த்தார். ஏழாம் நாள் தொட்டதும் இலை கழன்று விரலோடு வந்தது. கொழகொழவென்றிருந்தது.

மகன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அப்பா, இதுக்கு மாசம் ரெண்டு தடவ தண்ணி போதும். நீங்க என்ன, எரியிற குடோனையா அணைக்கறீங்க?"

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க இப்படி ஊத்துவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

நம்பிக் கொடுத்துவிட்டுப் போன மருமகள் முகத்தில் எப்படி விழிப்பது? இருப்பதிலேயே மோசமாகக் கிடந்த தொட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, மூன்று தெரு தள்ளியிருந்த நர்சரிக்கு நடந்தார்.

நர்சரிக்காரம்மா செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்தாள். "நல்லா குளிப்பாட்டியிருக்கீங்க" என்றாள். கத்தியால் தண்டை வெட்டினாள், நடுவில் கறுப்பு. கொஞ்சம் மேலே வெட்டினாள், பழுப்பு. மூன்றாவது வெட்டில் பச்சை தெரிந்தது.

"தலை பொழச்சுக்கும். வெட்டு காயற வரைக்கும் நாலஞ்சு நாள் நிழல்ல வைங்க. அப்புறம் காஞ்ச மண்ணுல உக்கார வைங்க. கெட்டியா இருக்கற இலைங்கள அப்படியே மண்ணு மேல பரப்பி விடுங்க. வேர் வர்ற வரைக்கும் தண்ணி கிடையாது."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

"சும்மா இருக்கணும். அதான் கஷ்டம்."

மூன்று செடிகள் தப்பியிருந்தன. நர்சரியில் வெட்டியது போக மற்ற ஏழையும் அவரே கத்தியைத் துடைத்துத் துடைத்து வெட்டினார். மொத்தம் ஐந்து தலைகள் தேறின. நல்ல இலைகளைப் பொறுக்கி மண் பரப்பிய தட்டில் அடுக்கினார்.

பத்தாம் நாள் மருமகள் பையோடு வாசலில் நின்றாள். பயணம் எப்படி இருந்தது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். "செடியெல்லாம் கெடுத்துட்டேம்மா" என்றுதான் வந்தது.

அவள் ஜன்னலோரம் போய்த் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அந்த மணிமணியா தொங்குமே, அது?"

"போச்சும்மா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இதெல்லாம் நீங்களா அடுக்குனீங்க? நான் மொதல்ல வளத்தப்ப ஒண்ணு கூடத் தங்கல, மாமா. பாத்துக்கோங்கன்னா என்னன்னு சொல்லாம போனது என் தப்புதான்."

அதன்பிறகு இருவரும் காலையில் சேர்ந்தே தட்டைப் பார்த்தார்கள். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் சில இலைகள் சுருங்கிப்போயின. அவர் கை டம்ளரை நோக்கிப் போகும், அவள் "மாமா" என்று இழுப்பாள், கை திரும்பிவிடும். மூன்றாம் வாரம் அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டார்.

"கொஞ்சம் இங்க வாயேம்மா."

ஓர் இலையின் அடிமுனையில் இளஞ்சிவப்பாக, நூலைவிட மெல்லிய வேர்கள். பக்கத்து இலையில் கடுகளவு புதுச்செடியே முளைத்திருந்தது. எண்ணிப் பார்த்தார்கள், ஒன்பது இலைகள்.

"இத்தன வந்தா ஜன்னல்ல இடம் பத்தாதே" என்றாள் மருமகள்.

"என் ரூம்ல வெயில் நல்லா விழுதும்மா. அந்த மேசைய ஜன்னல் பக்கம் நகத்திக்கலாமா?"

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவர் பிடித்தார்.